எனக்குக் காய்ச்சல் இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். வழக்கத்துக்காக எழுதும் நலம் இல்லை, நிஜமாகவே நலம். எனக்குக் காய்ச்சலே இல்லை. நேற்று அப்பா உனக்குப் போன் செய்து, "பாப்பாவுக்கு நூத்தி மூணு, உன்னையே கேட்டு அனத்துறா" என்று சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் சொன்னால் நம்பத்தான் தோன்றும், ஆனால் என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டாயா? அவர் முடிப்பதற்குள், "வியாழக்கிழமை பஸ்ஸுல கிளம்பி வர்றேன்" என்று சொல்லிவிட்டாய். சனிக்கிழமை வக்கீல் தேர்வை யார் போய் எழுதுவார்கள்? போனை வைத்ததும் அத்தை, "நாப்பது வயசுல கறுப்புக் கோட்டு மாட்டி யாருக்குடா வாதாடப் போறா உன் பொண்டாட்டி?" என்று கேட்டாள், அப்பா சிரித்தார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, பயந்துகொண்டு கணக்கையே எழுதினேன். அந்தக் கோபமெல்லாம் இப்போது உன்மேல்தான்.

அலமாரியில் நீ விட்டுப்போன மாதிரித் தேர்வுத் தாளை விடைகளோடு ஒத்துப் பார்த்தேன். நூற்றில் அறுபத்தொன்று தப்பு. அதில் முப்பத்தொன்பது கேள்விகள், "பொருந்தாதது எது", "குற்றம் ஆகாதது எது" என்று முடிகிறவை. முப்பத்தொன்பதிலும் பொருந்துவதைப் பார்த்துப் பார்த்துக் கறுப்பாக்கி வைத்திருக்கிறாய்! சட்டம் உனக்குத் தலைகீழாகத் தெரியும், கேள்வி முடியும்வரை பொறுக்கத்தான் தெரியாது. "நான் சுற்றுலாவுக்குப் போக..." என்று நான் ஆரம்பித்தாலே, "போகக் கூடாது" என்பாய், நான் சொல்ல வந்ததே போகவில்லை என்பதுதான். இரண்டு முறை நீ தோற்றது இதனால்தான். சனிக்கிழமை ஒவ்வொரு கேள்வியின் கடைசிச் சொல்லையும் விரல் வைத்துப் படி, "ஆகாதது" என்று இருந்தால் வட்டம் போடு, பிறகு நாலு விடைகளையும் பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மாடி வீட்டு நர்ஸ் அக்கா காலையில் வேலைக்கு நீ தங்கிப் படிக்கும் ஊருக்குத்தான் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா இருமினாலே விளக்கை அணைத்துவிடுகிறேன், எழுத்துக் கோணியிருந்தால் திட்டாதே. நான் எழுதியதாக அவரிடம் மூச்சு விடாதே. தேர்வு முடிந்துதான் வருவேன் என்று மட்டும் சொல். அவர் கத்தினால் இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெற்றவளுக்குப் பிள்ளை ஆசீர்வாதம் செய்வது முறையில்லை, இருந்தாலும் செய்கிறேன், நீ பாஸாக வேண்டும். இரண்டு பேனா எடுத்துப் போ. அதையும் மீறி வியாழக்கிழமை வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன். திறக்காமல் இருக்க என்னால் முடியாது அம்மா, அதனால் வராதே.

உன்மேல் கோபமாக இருக்கும்
உன் மகள்