மேடைக்கு நான்கு படி

காங்கேயம்
16.11.2025

அம்மணி லோகப்பிரியாவுக்கு உன் அம்மா தெய்வாத்தாள் எழுதிக்கொள்வது.

டப்ளினில் குளிர் ஆரம்பித்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே உங்கப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கோபம் மட்டும் இறங்கவில்லை. எனக்கு முழங்கால் வலி. அதைத் தவிர வேறு குறையில்லை என்று எழுதத்தான் ஆசை.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால்தான். சொல்ல ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், விஷயம் அப்படியே அமுங்கிப்போகும். என் புத்தி எனக்குத் தெரியாதா? எழுதிக் கொடு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று உங்கப்பா சொன்னார். கூரியரில்தான் போகணும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் இன்னும் தெரியாது.

உன் தாய்மாமாவின் கருமாதி நல்லபடியாக முடிந்தது. கோயமுத்தூரிலிருந்து அவனோடு விளையாடியவர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ஆறு சக்கர நாற்காலி நம் களத்தில் வரிசையாக நின்றது. ஒரு பெண் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், எனக்குக் குண்டு எறியச் சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தானுங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நீ போனில் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவன் போன அன்று உன்னைக் கூப்பிட்டபோது என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். என் கல்யாணத்துக்கு வர நேரமில்லாதவருக்கு நான் எதுக்கும்மா லீவு போட்டு வரணும் என்றாய். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் இஷ்டம் கண்ணு என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பாவி நான்.

உன்மேல் தப்பே இல்லை. அவன்மேல் நீ வைத்திருந்த பாசத்தின் அளவுக்குத்தான் கோபமும் இருந்தது. ஆறாம் வகுப்பில் நீதான் அவனுக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்தாய். விடியக்காலையில் வாய்க்கால் ரோட்டில் அவன் எண்ணூறு மீட்டர் ஓடுவான், நீ சைக்கிள்மேல் உட்கார்ந்துகொண்டு, மாமா ரெண்டு செகண்டு ஜாஸ்தி என்று கத்துவாய். ஓடி முடித்த காலோடு கடலைக்காட்டில் இறங்கிக் களை எடுப்பான். இத்தனை வேகமாக ஓடி எங்கே போய்ச் சேரப் போகிறாய் என்று நான் கேலி செய்வேன்.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம்தான் அந்த விபத்து. கிணற்று மோட்டாரை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, இருபதடிக்குக் கீழே பாறைத் திட்டில் விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவனுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பெண் வீட்டாரும் வாயைத் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பிறகு ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் வால்வுகளை எல்லாம் நாற்காலியிலிருந்து கை எட்டும் உயரத்துக்கு ஏற்றி வைக்கச் சொன்னான். தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தான். லேத்துப் பட்டறையில் இரும்புக் குழாயில் ஒரு நாற்காலி செய்து, ஆடாமல் இருக்க இரண்டு தென்னை மரத்துக்கும் நடுவில் வைத்துக் கயிறு கட்டி, அதில் உட்கார்ந்து, நடக்க முடியாதவர்களுக்கான போட்டிக்கு இரும்புக் குண்டு எறியப் பழகினான். காட்டு வேலைக்கு வரும் மாரியாத்தாள்தான் குண்டைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பாள். அவன் மாநில அளவில் மெடல் வாங்கினபோது, பாதி மெடல் எனக்குத்தானுங்க என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததை இனிமேல்தான் எழுதப் போகிறேன். கை ஓடமாட்டேன் என்கிறது.

உன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பத்திரிகை கொடுக்கத் தோட்டத்துக்குப் போனேன். மாட்டுக் கொட்டகை ஓரமாகப் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புச் சரிவுப் பலகை கிடந்தது. பன்னிரண்டு அடி, இரண்டு துண்டு. என்னடா இது என்றேன். மண்டபத்துக்கு முன்னாடியே போயி அளந்துட்டு வந்துட்டேங்க்கா, மேடைக்கு நாலு படி, இதைப் போட்டா நானே ஏறிப்போடுவேன், ஒருத்தரும் என்னைத் தூக்க வேண்டியதில்லை என்றான். பொண்ணு நெற்றியில் தாய்மாமன்தானே தங்கப் பட்டம் கட்ட வேண்டும்? அதற்காகத்தான். முகமெல்லாம் பல்லாக இருந்தது அவனுக்கு.

எனக்கோ, அவன் சக்கர நாற்காலியில் தொங்கும் மூத்திரப் பை கண் முன்னால் வந்து நின்றது. அத்தனை பேர் பார்க்க, வீடியோக்காரன் விளக்குக்கு நடுவில், உன் பக்கத்தில் அந்தப் பை. நல்ல காரியத்தில் முதலில் வந்து நிற்கிறவன் இப்படியா என்று யாராவது முணுமுணுத்துவிட்டால்? என் பொண்ணைப் பார்க்க வேண்டியவர்கள் இவனையல்லவா பார்ப்பார்கள்? இப்படியெல்லாம் என் கேடுகெட்ட மனசு கணக்குப் போட்டது. என் கூடப் பிறந்தவன் அவன். காய்ச்சலில் கிடந்தால் என் மடியில்தான் படுப்பான்.

சம்பந்தி வூட்டுல ஒரு மாதிரி நெனைக்கறாங்க தம்பி என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா எப்போ வருவார் என்றுதான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் சண்டை போட்டிருந்தால்கூட நான் திருந்தியிருப்பேன். உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்துவந்து என் கையில் வைத்தான். நம்ம பெரியப்பா மகனைப் பட்டம் கட்டச் சொல்லுக்கா, ஆரு கட்டுனா என்ன என்றான். அதோடு, அன்னைக்கு எனக்குச் சென்னையில போட்டி இருக்குதுன்னு பாப்பாகிட்டச் சொல்லிப்போடு, சம்பந்தி வூட்டுக்காரங்க சொன்னாங்கன்னு தெரிஞ்சா அந்த வூட்டுல அது எப்படிப் பொழைக்கும் என்றான். என்னுடைய பொய்யை நிஜமென்று நம்பி, உன் வாழ்க்கைக்காக அவன் ஒரு பொய்யைச் சுமந்தான். ஏழு வருஷம் சுமந்தான்.

சென்னையில் போட்டியே இல்லை. அன்று அவன் என்ன செய்தான் என்பது, கருமாதியின்போது மாரியாத்தாள் சொல்லித்தான் எனக்கே தெரியும். கல்யாணத்தன்று விடியும்போதே நாற்காலியைக் கட்டச் சொல்லி உட்கார்ந்தவன், முகூர்த்தம் முடிகிற நேரம் வரை குண்டு எறிந்துகொண்டே இருந்தானாம். போதுமுங்க, கை வுட்டுப்போகும் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லையாம்.

இன்னொன்றும் சொன்னாள். அவன்தான் எதையும் பழகாமல் செய்ய மாட்டானே? நான் பத்திரிகை கொண்டுபோவதற்கு முன்னால் பத்து நாள் அவளைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, பட்டத்துக்குப் பதிலாகத் தென்னங்கீற்றை அவள் நெற்றியில் கட்டிக் கட்டிப் பழகியிருக்கிறான். கண்ணுல முடி வுழுகாம கட்டோணும், பாப்பாவுக்கு முன்முடி ஜாஸ்தி என்பானாம். ஏனுங்கம்மா, எனக்கு வெக்கமா இருக்குதுன்னாலும் வுடமாட்டாருங்க என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டேன்.

அந்தப் பச்சைப் பலகை என்ன ஆயிற்று தெரியுமா? மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா, பக்கவாதம் வந்தவர், சக்கர நாற்காலியில் ஜம்மென்று மேடை ஏறினார். கீழே பார்த்தால் நம் பலகை. மண்டபத்துக்காரரிடம் கேட்டேன். உங்க தம்பி குடுத்துட்டுப் போனதுங்க, படி ஏற முடியாதவங்களுக்கு ஆகட்டும்னாருங்க என்றார். அவன் அளவு எடுத்தபடியே நான்கு படிக்கும் பொருந்தி உட்கார்ந்திருந்தது. அங்கே ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து உன்னிடமாவது சொல்லியிருக்கலாம், அவன் காலிலாவது விழுந்திருக்கலாம். ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டேன்.

கடைசியில் கிட்னியில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பாப்பா பேசுச்சாக்கா என்று கேட்டான். பேசுச்சு, உன்னைத்தான் கேட்டுச்சு என்றேன். அதுவும் பொய்தான். நல்லா இருக்கோணும் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், நர்ஸ் வந்துவிட்டாள். நர்ஸ்மேல் பழி போட மாட்டேன். அவள் போன பிறகும் இரண்டு நாள் இருந்தான். எனக்குத்தான் நாக்கு எழவில்லை.

மேலே இருப்பதை எல்லாம் எழுதி இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன், நேற்றுதான் உங்கப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இன்று காலை வரை என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம்.

கண்ணு, உன் நகைப் பெட்டியில் அந்தத் தங்கப் பட்டம் இருக்கும். எங்கள் பெரியப்பா மகன் செய்தது என்று நினைத்து அவர் காலில் விழுந்து கும்பிட்டாய். அந்த டப்பாவில் இருந்தது அதுதான். உன் மாமன் தம்பிதுரை செய்தது. ஒருதரம் எடுத்து நெற்றியில் வைத்துப் பார். உன்னை வாழ்த்த இன்றைக்கு என் வாய் கூசுகிறது, அவன் வாழ்த்து அதில் இருக்கிறது. இனிமேல் கல்யாணத்துக்கு வராத மாமா என்று யாரிடமும் சொல்லாதே. வரவிடாத அம்மா என்று சொல். மாப்பிள்ளையிடமும் சொல், அவர் வீட்டாரின் பேரைக் கெடுத்தவளும் நான்தான்.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. எனக்காக நீ வர வேண்டாம். குண்டு எறிகிற நாற்காலி இன்னும் இரண்டு தென்னைக்கும் நடுவில் கட்டினபடியே இருக்கிறது. அவுத்துப்போடட்டுங்களா என்று மாரியாத்தாள் கேட்டாள். இரு, பாப்பா வந்து அவிழ்ப்பாள் என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றாவது பொய்யாகப் போகாமல் பார்த்துக்கொள் கண்ணு.

உன் அம்மா
தெய்வாத்தாள்