மணிக்கு மூன்று சென்டிமீட்டர்

பெரியவளே,

சாவி எதிர்வீட்டு அத்தையிடம் இருக்கிறது. சோறும் முட்டையும் அடுப்பு மேல். சூடு பண்ணிச் சாப்பிடு.

நாலு மணிக்கு பிளம்பர் வருவார். மொட்டை மாடித் தொட்டியில் குச்சி விட்டு அளந்து நீ போட்ட வரைபடத்தை அவரிடம் காட்டு. “யாராச்சும் குழாயத் திறந்து விட்டிருப்பீங்க” என்றால் விடாதே. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோமே, அன்று நானே அளந்தேன். போகும்போது எண்பது சென்டிமீட்டர், நாலு மணி நேரம் கழித்து அறுபத்தெட்டு. மணிக்கு மூன்று. எல்லோரும் படுத்த பிறகு அளந்து நீ சொன்ன அதே மூன்று.

ஆள் செலவழித்தால் ஒரு மணி நேரத்தில் அதிகம் இறங்கும், அடுத்த மணி நேரத்தில் குறைவாக இறங்கும். ஒரே சீராக இறங்கினால் அது ஒழுகல்தான். இதை நீ அன்றைக்கே சொன்னாய். “நோட்டத் தூக்கிட்டு வந்து கதை அளக்காத” என்று நான்தான் உன் வாயை அடைத்தேன். அப்பாவிடம் ஞாயிறே சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.

இப்போது மணி எட்டு, தண்ணீர் ஐம்பது. நீ மூன்று மணிக்கு வரும்போது இருபத்தொன்பது இருக்க வேண்டும். அளந்து பார். அதற்கு முன் மோட்டார் போடாதே.

அம்மா

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். தண்ணீரைக் கொட்டுகிறாய் என்று ஞாயிறு வரை பத்து நாள், தினமும் இரண்டு தடவை திட்டியிருக்கிறேன். அந்த எண்ணிக்கையையும் நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போய் உன்னைப் போலக் கோடு போட்டால் நேராக ஏறும். இருபதோடு சரி. இனி அந்தக் கோடு ஏறாமல் படுத்தே கிடக்கட்டும்.