நீ நீக்கவிடாத பேக்கேஜ்

இன்று மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலையிலிருந்து திருத்த வந்த கணினியைக் கழற்றினேன். நனைந்து காய்ந்த தூசியின் வாசனை அடித்தது. கூடவே நீயும் நினைவில் வந்து முகத்தைச் சுளித்தாய்.

ஹட்டனில் என் கடையின் பின்னறையில்தான், தோட்டப் பாடசாலைகளின் பழைய கணினிகளுக்காக நாம் இருவரும் ஒரு லினக்ஸ் தொகுப்பைச் செய்தோம். நிறுவியதும் தானாக எந்த பேக்கேஜ்கள், அதாவது எந்தெந்தச் சின்ன மென்பொருள்கள், வரவேண்டும் என்பதுதான் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. கொழுந்து நிறுக்குமிடத்தில் முத்தல் இலையைப் பொறுக்கி எறியும் கணக்கப்பிள்ளை மாதிரி, பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளுவாய்.

"வேணும்னு போட்டுக்கிறத பத்திப் பயமில்ல மச்சான். தானா வர்றத எவனும் கேள்வி கேக்கமாட்டான்."

ஒருமுறை எனக்கும் சொல்லாமல் அச்சடிக்கும் பேக்கேஜைத் தூக்கிவிட்டாய். தவணைப் பரீட்சைக்கு முதல்நாள், வினாத்தாள் அச்சாகவில்லை என்று ஒரு வாத்தியார் போனில் கத்தினார். "சத்தம் வந்துருச்சில்ல, அப்ப அது தேவதான், திரும்பப் போடு" என்று சிரித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படிப்பட்ட நீ, சொந்தமாக ஒரு சின்ன பேக்கேஜ் எழுதிப் பட்டியலில் சேர்த்தாய். எதற்கு என்றேன். "அது இருக்கட்டும்டா" என்றாய். அதே மாதம் கொழும்பில் ஒரு கம்பனியில் உனக்கு வேலை கிடைத்தது. அந்தக் கம்பனி நம் பாடசாலைகளுக்குக் கணினி கொடுக்கவும் தொடங்கியது. சும்மா கொடுப்பார்களா? பிள்ளைகள் செய்வதையெல்லாம் உன் பேக்கேஜ் அவர்களுக்குச் சொல்கிறது என்று முடிவுகட்டினேன்.

திறந்து படித்திருக்கலாம். நாம் செய்த தொகுப்பில் எதற்கும் பூட்டில்லை. நான் நினைத்தது உண்மையாகிவிடுமோ என்று பயந்தேன். நீக்கினால் நீ கேட்பாய் என்றும் பயந்தேன். தீபாவளிக்கு நீ கடைக்கு வந்தபோது, தேத்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"என்னா மச்சான், ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல, வேல கெடக்கு."

அடுத்த வாரம் உன் பேக்கேஜில் ஒரு மாற்றம் வந்தது. தடயத்தை அழிக்கிறாய் என்று நினைத்தேன். தை பிறப்பதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டாய். கொத்மலையில், உன் சாவு வீட்டிலும், அழாமல் உன் கம்பனிக்காரர்களை முறைத்துக்கொண்டு நின்றேன்.

புதிய பதிப்புக்குப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் இன்று அதைத் திறந்தேன். கணினியை அணைக்கும்போது நேரத்தைக் குறித்து வைக்கிறது. திரும்பப் போடும்போது, கடிகார பேட்டரி செத்துப்போய்த் தேதி பின்னுக்குப் போயிருந்தால், குறித்த நேரத்திலிருந்து தொடர்கிறது. பிள்ளைகளின் வேலை ஏதோ பழைய வருடத் தேதியில் பதிவாகாமல் இருக்க, அவ்வளவுதான். எவருக்கும் எதையும் அனுப்பவில்லை. மூன்று முறை படித்தேன்.

நிரலின் அடியில், குறிப்பாக, தீபாவளிக்கு அடுத்த வாரம் நீ சேர்த்த வரிகள்:

"மச்சான், நீ சந்தேகப்படுறது எனக்குத் தெரியும். படு, நல்லதுதான். ஆனா தெறந்து பாத்துட்டுப் படுடா. இல்லாட்டி ஒரு வார்த்த கேளு."

அது எனக்கு எழுதிய கடிதமடா. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு பாடசாலைக் கணினியிலும் நானே அதைப் போட்டுக்கொடுத்திருக்கிறேன்.

பேக்கேஜை நீக்கவில்லை. அது என்ன செய்கிறது, யார் எழுதியது என்று பட்டியலில் எழுதிவைத்தேன். உன் வரிகளை அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நாளை கொத்மலைக்குப் போய் உன் அம்மாவைப் பார்க்கவேண்டும். போனதும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள். அதை எப்படிக் குடிக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.