எல்லாரும் கறுப்புக் கோட்டு போட்ட இரவு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே கெரென்சா வந்துவிட்டாள். என் தம்பி மகள். எங்கள் கல்யாண நாளுக்கு அவள் தரும் பரிசுதான் இந்தக் கப்பல் பயணம். எனக்கு ஒரு நீளக் கவுன் கொண்டுவந்திருக்கிறாள். ஊதா நிறம், கழுத்திலிருந்து பாதம் வரை ஜிகினா. கை கிடையாது. ஆண்டவரே, ஜெபக்கூடத்து ஆட்கள் யாராவது பார்த்தால் அப்புறம் நான் எந்த முகத்தோடு பாட்டுப் பாடுவேன்?

"அத்தை, கப்பல்ல விருந்து உடை ராத்திரின்னா எல்லாரும் இப்படித்தான் வருவாங்க. நீங்க அந்த நீல ஸ்வெட்டரோட போய் நின்னா கதவுக்கிட்டயே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் மேல்தளத்து கேண்டீன்ல தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கணும்."

"நிக்கிறேன். எனக்கென்ன காலா வலிக்குது?"

"மானம் போகுது. எனக்கு!"

என் வீட்டுக்காரர் டென்சிலுக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, பட்டாம்பூச்சி மாதிரி போ டை, எல்லாம் வாடகைக் கடையிலிருந்து. களிமண் சுரங்கத்திலிருந்து காலமெல்லாம் தலையோடு கால் வெள்ளைத் தூசியாக வீடு வந்த மனிதர். கோட்டைப் போட்டதும் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

கெரென்சா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவர் ஜோக் அடிக்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஜூன் 5, வியாழன்

ரொட்டி வாங்கப் போனவரைத் தபால்காரர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். தேவாலயச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாராம், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல். "அவரு அப்படித்தான், வேடிக்கை பார்த்தா நேரம் போறது தெரியாது" என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

ஊர்க் கதை எல்லாம் பேசுகிற எனக்கு இது மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது. கெரென்சாவுக்குத் தெரிந்தால் முதியோர் ஹோம் என்று ஆரம்பிப்பாள். அவள் மாமியாரை அப்படித்தான் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல இடம், பூந்தோட்டம் இருக்கிறது என்று வேறு சொன்னார்கள். டென்சில் இல்லாத வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?

பயணம் வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஏன் என்று கேட்பாளே.

ஜூன் 7, சனி

கப்பல் ஏறிவிட்டோம், கெரென்சாவும் கூட. நடைபாதை எல்லாம் ஒரே மாதிரி, கதவு எல்லாம் ஒரே மாதிரி. எங்களுக்குப் பால்கனி வைத்த அறை. "காத்து வாங்குங்க அத்தை" என்று ஆசையாகச் சொன்னாள். ராத்திரி அவர் எழுந்து அந்தப் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டால்? கைப்பிடியில் என் பையின் வாரைக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

நாள் முழுக்கக் கடல். இன்றைக்கு விருந்து உடை. ஆறு மணிக்கு மேல் கேண்டீனைத் தவிர எந்த இடத்துக்கும் சாதாரண உடையில் போகக்கூடாதென்று அறையில் தாள் வைத்திருக்கிறார்கள். அவருக்கு நானே டை மாட்டிவிட்டேன். கெரென்சா எனக்கு உதட்டுச் சாயம் பூசி, முடியை ஏதோ கோபுரம் மாதிரி தூக்கிக் கட்டினாள்.

கர்த்தாவே, கூடவே இரும்.

ஜூன் 9, திங்கள்

நேற்று இரவு எழுத முடியவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் கேப்டன் எல்லாருக்கும் மது கொடுக்கிற கூட்டம். நான் ஆரஞ்சு ஜூஸ். டென்சில் கழிப்பறைக்குப் போனார். வாசலிலேயே நின்றேன். ஒரு அம்மாள் என் கவுனின் பின்னால் ஊக்கு கழன்றிருக்கிறது என்று என்னைத் திருப்பி மாட்டிவிட்டாள். அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் வெளியே வந்து போய்விட்டிருக்கிறார்.

திரும்பிப் பார்க்கிறேன், எல்லாரும் டென்சில். எந்தப் பக்கம் பார்த்தாலும் கறுப்புக் கோட்டு, நரைத்த தலை. தோளைத் தொடுகிறேன், யாரோ திரும்புகிறார். இன்னொரு தோள், இன்னொரு யாரோ. ஒருவர், "எல்லாரும் என்னைத்தான் தேடுறாங்க, நான் என்ன அவ்வளவு அழகா?" என்று சிரித்தார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. கர்த்தர் மன்னிக்கட்டும்.

வரவேற்பு மேசைப் பெண் கேட்டாள், "என்ன உடுத்தியிருக்கார் மேடம்?"

என்னத்தைச் சொல்ல? கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. அவளுக்குப் பின்னால் மூன்று பேர் அதேபோல நின்றார்கள்.

கெரென்சா வந்தாள். "என்ன அத்தை, சின்னப் பிள்ளையா அவரு? பார்ல உக்காந்து கதை பேசிட்டிருப்பாரு. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை. நடந்தேன். ஒவ்வொரு ஜன்னலிலும் கடல். ஐயோ, கம்பி எவ்வளவு உயரம் இருக்கும்? தாண்ட முடியுமா? ஏன் தாண்டப் போறாரு? வீட்டுக்குப் போகணும்னு நினைச்சா? இயேசுவே, இயேசுவே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன்.

நடன அறையில் இருந்தார். பச்சைப் பட்டு உடுத்திய ஒரு விதவை அம்மாளோடு ஆடிக்கொண்டிருந்தார். தனியாக வரும் பெண்களோடு ஆட கப்பலிலேயே ஆண்களை வைத்திருப்பார்களாம், அவர்களில் ஒருவர் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அடுத்த பாட்டும் எனக்குத்தாம்மா. வரிசையில வா" என்றாள் அவள்.

டென்சில் என்னைப் பார்த்தார். எவ்வளவு மரியாதையாகப் பார்த்தார்! "மன்னிக்கணும் மேடம். இதுக்கு மேல ஆடினா என் வீட்டுக்காரி கோவிச்சுக்குவா. அவளைத்தான் தேடிட்டிருக்கேன். நீல ஸ்வெட்டர் போட்டிருப்பா, ஓயாம பேசுவா. எங்கயாவது பார்த்தீங்களா?"

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் குரலை வைத்தாவது கண்டுபிடித்திருப்பாரோ? தெரியவில்லை. அவரை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாளிடம் கையால் காட்டிவிட்டு ஓடினேன்.

அறையில் கவுனை உருவிப் போட்டேன். முகத்தைக் கழுவினேன். கோபுரத்தைப் பிரித்தேன். சாம்பல் பாவாடை, நீல ஸ்வெட்டர், காலில் வீட்டுச் செருப்பு. திரும்பி ஓடினால் நடன அறை வாசலில் ஆர்னெல் நின்றிருந்தான், எங்கள் மேசைக்குப் பரிமாறும் பிலிப்பைன்ஸ்காரன். கையை நீட்டி மறித்தான்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், இன்னைக்கு இந்த உடையில உள்ள விட முடியாது. மேல்தளத்துல நல்ல சாப்பாடு இருக்கு."

"சாப்பாடு எதுக்குய்யா? என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு."

"அவரை வெளிய கூப்பிடட்டுமா?"

"நீ கூப்பிட்டா வரமாட்டார். அவருக்கு நினைவு போயிட்டிருக்கு. இதைப் போட்டாத்தான் என்னைத் தெரியுது. புரியுதா உனக்கு? என்னையே தெரியல அவருக்கு!"

கத்திவிட்டேன். வாசலில் நின்ற ஜிகினாக்காரிகள் எல்லாரும் திரும்பினார்கள். ஆர்னெல் தன் முழங்கையை என் பக்கம் நீட்டினான், ராணியை அழைத்துப் போகிற மாதிரி. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு அந்தப் பளபளக்கும் தரையைத் தாண்டினேன்.

"லவ்டே!" டென்சில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "எங்க போய்த் தொலைஞ்ச? இவங்கல்லாம் யாரு? வா, வீட்டுக்குப் போலாம்."

கெரென்சா எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். வாசலில் நான் கத்தியது முழுக்கக் காதில் விழுந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

"எப்போலருந்து அத்தை?" என்றாள். போன அறுவடைப் பண்டிகையிலிருந்து என்றேன். "அன்னைக்கு யாருக்குக் கல்யாணம்னு அவரு கேட்டப்போ நான் சிரிச்சேனே" என்று அழுதாள். ஹோம் என்ற பேச்சை எடுக்கவில்லை. எடுப்பாள் என்று பயந்துகொண்டே இருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

மறுபடியும் விருந்து உடை. மூன்று பேரும் கேண்டீனில் தட்டோடு நின்றோம். கெரென்சா தன் புது கவுனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. உருளைக்கிழங்கும் மீனும் நன்றாகவே இருந்தது. டென்சில் ஒருமுறை, பக்கத்தில் நான் இருக்கும்போதே, "லவ்டே எங்கே?" என்றார். ஸ்வெட்டரோடுதான் இருந்தேன். "இங்கதான் இருக்கேன்" என்றேன். உடனே சரியாகிவிட்டார். என் தட்டில் மிச்சமிருந்ததை அவர் தட்டில் வைத்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம், கெரென்சாவும் வருகிறாள். எங்கள் வீட்டில் சாமான் கிடக்கிற அறையைக் காலி செய்து கொஞ்ச நாள் எங்களோடு வந்து இருக்கட்டுமா என்று அவளே கேட்டாள்.

ஜெபக்கூடத்தில் இன்று வழக்கம்போல, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார்கள். எப்போதும் ஊரில் உள்ள நோயாளி பெயரை எல்லாம் அடுக்குகிறவள் நான். எழுந்து நின்றேன். "என் வீட்டுக்காரர் டென்சிலுக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

எல்லாரும் தலை குனிந்ததும் என் காதருகே வந்தார்.

"சொல்லிட்டியா? நல்லதாப் போச்சு. எனக்கும் ரொம்ப நாளா பயமா இருந்துச்சு லவ்டே. உனக்குத் தெரிஞ்சா நீ பயந்துடுவியேன்னுதான் சொல்லல."