சூழலியல் கிடங்கு

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், இந்த வயதில் அதையே சுகம் என்று வைத்துக்கொள். நீ அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா இல்லை ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று காப்பியிலேயே பொழுதை ஓட்டுகிறாயா என்று அம்மா ஓயாமல் புலம்புகிறாள். மாடிப்படி விளக்கு எரிவதில்லை, பக்கத்து வீட்டுத் தையல்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டார், பேச்சுத் துணைக்கு ஆளில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன், சுற்றிவளைத்து எழுதினாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

எங்கள் மேலாளரின் அழைப்பு உனக்கு வந்திருக்கும். நான் மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் தானியக் கிடங்குக்கு இப்போது 'சூழலியல் கிடங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாசலில் பச்சைப் பலகை, அதில் இலைப் படம், எங்களுக்கெல்லாம் பச்சைச் சட்டை, கிளிக்கூட்டம் மாதிரி திரிகிறோம். திறப்பு விழாவில் அந்தப் படிப்பே படித்த நீ பேச வேண்டுமாம், போகவரச் செலவு கம்பெனியுடையதாம். ஸ்டோர் கீப்பர் பொண்ணே மேடையேறி இது சூழலியல் கிடங்குதான்னு சொல்லிட்டா அப்புறம் யார் வாய் திறப்பாங்க என்று மேலாளர் என் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவோ திரைச்சீலை எல்லாம் துவைத்துப் போட்டு உன் மெத்தையை வெயிலில் காயவைத்துவிட்டாள். இப்படி அழைப்பு வந்தால்தான் அங்கே விடுப்பே கிடைக்கும் என்று நீதானே சொன்னாய்.

அந்த வார்த்தை இங்கே படும் பாட்டைக் கேட்டால் நீ சிரிப்பாய், இல்லை அழுவாய். துடைப்பத்தில் சூழலியல், தரை கழுவும் சோப்பில் சூழலியல், லாரி ஓட்டுநர் கடையில் போய் அண்ணே ஒரு சூழலியல் டீ என்கிறார். அப்படின்னா என்னங்க என்று அம்மா கேட்டாள். நீ எப்போதோ போனில் சொன்னதைத்தான் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன், ஓர் இடத்தில் இருக்கிற உயிர்கள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன, அந்த இடம் அவற்றை எப்படித் தாங்குகிறது, அதில் ஒன்றை உருவினால் எதெது சரியும் என்று பார்ப்பது. அப்ப அது நம்ம வீட்லயும் இருக்கே, அவ போனதுலேர்ந்து நீங்க பேசறதில்ல நான் தூங்கறதில்ல என்றாள்.

இப்போது கிடங்கில் நடந்ததைக் கேள். விருந்தாளிகள் பார்த்தால் அசிங்கம் என்று பலகை மாட்டுவதற்கு முன்பே அங்கிருந்த பூனைகளைப் பிடித்துக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டார்கள். பூனை போனதும் எலிக்குக் கொண்டாட்டம், மூட்டையெல்லாம் சல்லடை. உடனே விஷக்கட்டி வந்தது, அந்த டப்பாவிலும் இலைப் படம், வயிற்றெரிச்சலை எங்கே சொல்ல. விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் மயக்கத்தில் தள்ளாடித் திரியும். மேல் ஜன்னல் இடுக்கில் குடியிருந்த ஆந்தைகளுக்கு அது உட்கார்ந்த இடத்தில் கிடைத்த சாப்பாடு. முதலில் ஒன்று விழுந்தது, பிறகு அதன் ஜோடி, குஞ்சுகள் கத்திக் கத்தி ஓய்ந்தன. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ஆந்தைக்கெல்லாமா துக்கம் கொண்டாடுவீங்க, முதல்ல விழா முடியட்டும் என்றார். எலி இன்னும் இருக்கிறது. விஷம் வைப்பதும் என் கைதான் சிட்டு, வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் அந்தக் கையால் உனக்கு வா என்று எழுத மனசு வரவில்லை.

நீ வந்து உள்ளதை உள்ளபடி பேசினால் என் வேலைக்கு வேட்டு. போனால் போகட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை, மறைப்பானேன். அவர்கள் கேட்கிற மாதிரி பேசினால் உன் படிப்புக்கே அவமானம், நாளைக்கு எவனாவது உன் பெயரைச் சொல்லித்தான் அடுத்த பலகையை மாட்டுவான். இரண்டில் எதையும் உன் தலையில் கட்ட மாட்டேன். நீ வர வேண்டாம். பரீட்சை, வேலை, எதையாவது சொல்லி மறுத்துவிடு.

இதை அம்மாவிடம் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் கண்ணைப் பற்றி உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரம் எல்லாம் மங்கிவிட்டது. இருக்கிற பார்வையில் உன் முகத்தை ஒருதரம் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு. நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவ அந்தப் பலகைக்குக் கீழதான் நிக்கணுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்ப வேணாங்க என்று எழுந்து போய் மெத்தையைச் சுருட்டி வைத்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

எங்கே இருந்தாலும் நீ நோய்நொடியில்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், படித்ததற்கு மரியாதையோடு வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. கண் விஷயம் உனக்குத் தெரிந்ததாக அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, வீடியோவில் கூப்பிடும்போது விளக்குக்கு முதுகு காட்டி உட்காராதே. முகத்தில் வெளிச்சம் படட்டும், போனைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா