சிமெண்ட் மேடையும் என் முட்டியும்

பிரிக்பீல்ட்ஸ், 3-3-1935

டாக்டர் இராமலிங்கம் இன்று எங்கள் மூவரையும் அளந்தார். கேளிக்கைப் பூங்காவில் சதிர் ஆடும் என்னை, மலாய் ஆட்டமான ஜோகெட் ஆடும் மைமூனை, சீன நாடகக்காரி ஆ லானை. எந்த ஆட்டக்காரிக்கு மூட்டு எவ்வளவு வளைகிறது, யாருக்கு வலு அதிகம் என்று ஒப்பிட்டு எழுதப் போகிறாராம்.

மைமூனின் விரல்கள் பின்னால் வளைந்து மணிக்கட்டு வரை போயின. ஆ லான் ஒற்றைக் காலில் குந்தி, எதையும் பிடிக்காமல் எழுந்தாள். ஆனால் அரைமண்டியில் என்னைப்போல் தொடையை விரித்து உட்கார இரண்டு பேராலும் முடியவில்லை. பெருமையாக இருந்தது — எழுந்திருக்கப் போகும்வரை. இடது முட்டி பிடித்துக்கொண்டது.

"சாக்கிட், புஷ்பா?" வலிக்கிறதா என்று மைமூன் கை கொடுத்தாள். இல்லை என்று தலையாட்டினேன்.

5-3-1935

டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆட்டத்துல குறை இல்லம்மா. அவங்க ரெண்டு பேரும் பலகையில ஆடுறாங்க. நீங்க சிமெண்டுல மிதிக்கிறீங்க. இப்படியே போனா முட்டி மடங்காது."

"அளந்தாச்சுல்ல? அதோட விடுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் நொண்டினேன். அவர் சொன்னது பொய்யாக இருந்தால் இத்தனை ஆத்திரம் வந்திருக்குமா?

9-3-1935

நட்டுவனார் ரெங்கசாமியிடம் பலகை கேட்டேன். அம்மாவின் தம்பி, எனக்கு மாமா.

"பலகையில மிதிச்சா சலங்கைச் சத்தம் எடுக்காது. உங்கம்மா கருங்கல்லுல ஆடினவடி!"

ஆமாம், ஆடினாள். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அதை ஏன் சொல்லவில்லை?

10-3-1935

முட்டி வீங்கிவிட்டது. "நீ படு. சந்திரகலா ஆடட்டும்" என்கிறார் மாமா. என் தங்கை! ஒரு கால் போனால் இன்னொரு கால். நாங்கள் என்ன ரிக்‌ஷா டயரா?

16-3-1935

மேடை ஏறிவிட்டேன்.

சந்திரா ஜதிக்குக் காலைத் தூக்கினாள். நொண்டிக்கொண்டே போய் அவள் கையைப் பிடித்தேன். "பலகை போடாம இவ ஆட மாட்டா!"

"மானத்த வாங்காத. எறங்குடி" என்று மாமா பல்லைக் கடித்தார்.

"எறங்க மாட்டேன். நீங்க மிதிங்க மாமா! ஒரு பாட்டு முழுக்க இந்த சிமெண்டுல மிதிங்க, பாக்கறேன்!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ காறித் துப்பினார்கள். மைமூனும் ஆ லானும் வந்து எனக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள். பூங்கா மானேஜர் திரையை இறக்கினார்.

17-3-1935

மாமா கோபித்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டார். போகட்டும்.

6-4-1935

மானேஜர் பலகை போட்டுவிட்டார். இரக்கமெல்லாம் இல்லை, எங்கள் ஆட்டம் நின்றதும் பூங்காவுக்குத் தமிழ்ச் சனம் வரவில்லை.

சந்திரா ஆடினாள். நட்டுவாங்கத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. தாளத்தை நானே எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பொம்பளை தாளம் போடுவதா என்று முன்வரிசையில் முணுமுணுத்தார்கள். இன்னும் ஓங்கித் தட்டினேன்.

நடுவில் ஓரிடத்தில் என் கால் தானாக எழுந்தது. அதை நாற்காலிக் காலோடு பின்னிக்கொண்டு அடுத்த ஜதியைச் சொன்னேன்.