ரெண்டு தரத்துக்கு அப்புறம்

ஜூன் 11, 2024
ஆண்டோவுக்கு ரெண்டேகால் வயசு. இதுவரை ஒரு சொல் பேசவில்லை. கை நீட்டுவான், இழுப்பான், முறைப்பான். அவன் அப்பன் நானோ கம்பைநல்லூரில் உரக்கடைக்காரன். உரம் வாங்க வந்தவன் உரத்தை மறந்துவிட்டு ஊர்க்கதையைச் சுமந்துகொண்டு போவான். நாற்பத்தெட்டு வருஷமாக நான் பேசித் தீர்த்ததில் பிள்ளைக்கு மிச்சமில்லாமல் போய்விட்டதோ?

ஜூன் 16
பூசை முடிந்ததும் அக்கா லூர்துமேரி விசாரணைக் கமிஷன் வைத்தாள். நாக்கில் வசம்பு தேய்த்தாயா, வேளாங்கண்ணிக்கு நேர்ந்தாயா. எதிர்வீட்டுக் கோகிலவாணி தன் பங்குக்கு, மாரியம்மன் கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்தாள். "உங்க சாமி எங்க சாமின்னு பாக்காதீங்கண்ணா, பையனுக்குக் குடுங்க." யாரும் பார்க்காதபோது நானே குடித்துவிட்டேன். சாயங்காலம் கடையில் வழக்கத்தைவிட அதிகம் பேசினேன். மணிக்குச் சக்தி உண்டு.

ஜூன் 19
கோகிலவாணி மகள் ஆண்டோவைவிடச் சின்னவள். இன்று என்னை "மாமா" என்றாள். யூரியா மூட்டைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 3
ஆண்டோவைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்வந்தோம். காது நன்றாகக் கேட்கிறதாம். பேச்சுப் பயிற்சி தருகிற சுகுணா மேடம் ஆண்டோவிடம் ஒரு பந்தைக் காட்டி, என்ன இது என்றார். பந்து என்றேன். சிவப்பு என்றேன். எங்கள் வீட்டுப் பந்து கிணற்றில் விழுந்த கதையையும் தொடங்கினேன்.

"சார், நான் அவனைக் கேட்டேன்."

என்னாலதானா? என் வாயாலதான் இப்படி ஆச்சுங்களா? கேட்டே விட்டேன்.

"உங்களால இல்லைங்க. சில பிள்ளைங்க லேட்டாத்தான் ஆரம்பிக்கும். வாராவாரம் கூட்டிட்டு வாங்க, பார்ப்போம். ஆனா எதையாவது கேட்டா, மனசுக்குள்ள பத்து எண்ணிட்டு இருங்க. அவனுக்கு இடம் விடுங்க."

பஸ்ஸில் என் வீட்டுக்காரி ஆக்சிலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா? நான் கேட்கவில்லை. பத்து எண்ணினேன்.

ஜூலை 5
பத்து எண்ணுவது சரிப்படவில்லை. மாதா கோயில் திருவிழாவில் ஏலம் விட்டே பழகிய வாய். எண் என்றால் ஒரே ஓட்டம்தான். ஆக்சிலியா சட்டத்தை மாற்றினாள். "எண்ண வேணாங்க. மனசுக்குள்ள ஒரு 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுங்க. அதை அவசரமாச் சொன்னா பாவம்."

தப்பிக்க வழியில்லை.

ஜூலை 28
வீட்டில் பிஸ்கட் ஏலம். "ஒரு தரம், ரெண்டு தரம்" — நிறுத்திவிட்டு ஜெபிக்கிறேன். பயல் என் வாயையே பார்க்கிறான். அப்புறம் கை நீட்டுகிறான். பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு "மூணு தரம்" என்று நானே முடிக்கிறேன். இந்த மாதம் சொன்ன ஜெபத்துக்கு எனக்கு நேராக மோட்சம்தான்.

ஆகஸ்ட் 20
ஆண்டோவிடம் மாற்றமில்லை. எனக்குத்தான் பழக்கம் தொற்றிவிட்டது. கடைக்கு வந்த மரவள்ளி விவசாயி முனியப்பனிடம், "குச்சிக்கிழங்கு எப்படி இருக்குது?" என்று கேட்டு வாயை மூடினேன். மனுஷன் கிழங்கில் ஆரம்பித்து, மருமகள் கோபித்துக்கொண்டு போன கதை முழுவதையும் கொட்டிவிட்டுப் போனான். இத்தனை வருஷம் நானே பேசி எவ்வளவு நல்ல சரக்கைத் தவறவிட்டிருக்கிறேன்!

செப்டம்பர் 8
மாதா திருவிழா. தேர் நிலைக்கு வந்ததும் காணிக்கைப் பொருள்களின் ஏலம். வழக்கம்போல மைக் என் கையில். சேவலுக்கு முனியப்பனும் யாகப்பன் சித்தப்பாவும் வருஷாவருஷம் மல்லுக்கட்டுவார்கள். ஆக்சிலியா இடுப்பிலிருந்து ஆண்டோ என்னிடம் தாவினான். ஒரு கையில் அவன், ஒரு கையில் மைக்.

"முனியப்பன் கேட்டது ஒரு தரம்... ரெண்டு தரம்..."

பயல் என் வாயையே பார்த்தான். நின்றுவிட்டேன். சேவலும் மறந்துபோச்சு, கூட்டமும் மறந்துபோச்சு. அருள்நிறைந்த மரியே... கீழே முணுமுணுப்பு. ஏற்றிக் கேட்கச் சித்தப்பா வாயைத் திறக்கிறார் —

"ணூ."

எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்டது.

சேவல் முனியப்பனுக்குப் போனது. "கொழந்தை மூணு தரம் சொன்னா செல்லுமாங்க சாமி?" என்று சித்தப்பா பங்குச் சாமியாரிடம் முறையிட்டார். செல்லும் என்றார் சாமியார். அடுத்தது பூசணிக்காய். நான் பயல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

அக்டோபர் 3
இருப்பு: "ணூ", "ம்மா", கோழிக்குக் "கோ". இன்னும் வரணும், வாராவாரம் வாங்க என்றார் சுகுணா மேடம். வீட்டில் இப்போது எதையும் ரெண்டு தடவை சொல்ல முடிவதில்லை. ஆக்சிலியா என்னைச் சாப்பிட ரெண்டாம் தடவை கூப்பிட்டால், கட்டிலுக்கு அடியிலிருந்து "ணூ". அவளும் சோற்றுப் பானையை மூடிவிடுகிறாள்.

"அப்பா" இன்னும் ஏலத்துக்கு வரவில்லை. "நான் யாரு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அருள்நிறைந்த மரியே... மெதுவாகவே சொல்கிறேன்.